லில்லியை வாசலிலேயே நிறுத்துங்கள்

பூனை வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூனைக்கு ஆகாத செடிகள் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் அதில் இருக்கும். மணி பிளாண்ட், கற்றாழை, கெலாடி, லில்லி, அரளி எல்லாம் ஒரே வரிசையில், ஒரே சிவப்பு எழுத்தில் நிற்கும். படிப்பவர்களில் சிலர் பயந்துபோய் வீட்டிலுள்ள செடிகளையெல்லாம் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலோர், இதைப் பார்த்தால் வீட்டில் புல்கூட முளைக்கக் கூடாது போலிருக்கிறதே என்று சிரித்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இந்த இரண்டாவது கூட்டத்தின் வீட்டில்தான். எல்லாவற்றையும் ஒரே குரலில் எச்சரித்தால் எதையும் எச்சரிக்காததற்குச் சமம். கெடாவின் தாமான் வீடுகளுக்கு லில்லி, சைகஸ், அரளி, அடேனியம் என்ற நாலு பெயர்கள் மனத்தில் நின்றால் பெரும்பகுதி வேலை முடிந்தது. இவை வீட்டுக்குள் வரவே கூடாது. மற்றவற்றோடு கொஞ்சம் கவனமாக இருந்து காலம் தள்ளலாம். அந்த நாலு பெயரை வாங்குபவருக்குச் சொல்லும் கடமை விற்பவருக்கு இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தோட்டத்து லயங்களில் இந்தக் கேள்வி எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. அங்கே செடி வாசலுக்கு வெளியே இருந்தது. கறிவேப்பிலையும் முருங்கையும் வாழையும் வீட்டுப் பின்புறத்தில், செம்பருத்தி வேலியோரத்தில். பூனை எலி பிடிக்க இருந்தது. அது எந்த வீட்டுப் பூனை என்பதைக்கூட யாரும் கறாராகச் சொல்ல முடியாது. பிறகு பீடோங், பாடாங் செராய், சுங்கை பட்டாணி வட்டாரத்தின் பால்மரக் காடுகள் செம்பனைக்கு மாறின. சில துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், குடும்பங்கள் வரிசை வீடுகளுக்கு வந்தன. முன்வாசலில் சிமெண்ட் போட்டாயிற்று, அதில் கார் நிற்கிறது. மண் இருந்த இடத்துக்குத் தொட்டி வந்தது, தொட்டி வரவேற்பறைக்குள் நுழைந்தது. தெருவில் வண்டிகள் பெருகியதால் பூனையும் கிரில் கதவுக்கு உள்ளேயே தங்கிவிட்டது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டில் அடைந்தபோது செடி வாங்கும் மோகம் ஒன்று கிளம்பியது. பத்து ரிங்கிட்டுக்கு ஆள் இல்லாத கெலாடி வகைகள் திடீரென்று காசு பார்த்தன. ஒரே கூரையின் கீழ், பகல் முழுக்க, சலிப்பில் கிடக்கும் பூனையும் புதிதாக வந்த செடியும் இப்படித்தான் நெருக்கமாயின.

நாலு செடிகளை மட்டும் ஏன் பிரித்துச் சொல்ல வேண்டும்? விஷம் வேலை செய்யும் விதம் வேறு. மணி பிளாண்ட், கெலாடி, டிஃபன்பாக்கியா, மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், பீஸ் லில்லி, ஆந்தூரியம் ஆகியவை எல்லாம் சேம்பின் குடும்பம். இவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு நுண்ணிய ஊசிகளாக இருக்கிறது. கருணைக்கிழங்கு நறுக்கிய கை அரிப்பதும், புளி சேர்க்காத கருணை தொண்டையைப் பிடிப்பதும் இந்த ஊசிகளால்தான். பூனை ஒரு கடி கடித்ததும் வாய் எரிகிறது, எச்சில் வடிகிறது, சில நேரம் வாந்தி வருகிறது. அதோடு இலையை விட்டுவிட்டு ஓடிவிடும். வேதனைதான், மறுப்பதற்கில்லை, டிஃபன்பாக்கியாவில் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுக்குத் திணறும் நிலையும் அரிதாக வரலாம், அப்போது மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனாலும் இந்தக் குடும்பம் முதல் கடியிலேயே தானே எச்சரித்துவிடுகிறது. கற்றாழையும் மாமியார் நாக்கு என்று நாம் சொல்லும் செடியும் வயிற்றைக் கலக்கும், பெரும்பாலும் அதற்கு மேல் போகாது.

லில்லி எச்சரிப்பதில்லை. பூங்கொத்தில் வரும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான அந்தப் பெரிய பூவின் இதழ், இலை, தண்டு எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓரிரண்டு இலை போதும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு சற்றுத் தெளிந்தது போலத் தோன்றும். வீட்டார் நிம்மதி அடைவது அப்போதுதான். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கிறது. எந்த வேதிப்பொருள் இதைச் செய்கிறது என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. நாய் இதே பூவைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு தப்பிவிடும். டே லில்லி என்ற அதன் தூரத்து உறவின் மொட்டைக் காயவைத்துச் சீனர் சமையலில் சேர்க்கிறார்கள், நம் ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும். நமக்கு உணவாக இருக்கும் அந்தச் செடியும் பூனைக்கு எமன். பூனையின் உடலமைப்பு நம்முடையது மாதிரி இல்லை என்பதற்கு இதைவிடப் பழக்கமான சான்று பெனடோல் மாத்திரை. அதை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதியின் மரபணு பூனைக்கு வேலை செய்வதில்லை. ஒரே மாத்திரை உயிரை எடுக்கலாம். சைகஸ் கல்லீரலைத் தாக்குகிறது, அதன் விதை எல்லாவற்றிலும் கொடியது. அரளியும், தொட்டியில் பருத்த அடியோடு நிற்கும் அடேனியமும் இதயத் துடிப்பைக் குலைக்கின்றன.

உயரமான அலமாரியில் வைத்துவிட்டால் ஆயிற்று என்பது எல்லோரும் சொல்லும் தீர்வு. குளிர்சாதனப் பெட்டியின் மேல் தூங்கும் ஒரு விலங்கைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். லில்லியின் மகரந்தமும் உதிர்ந்த இதழும் கீழேதான் விழும். பூனைக்கே தெரியும், ஆகாததைத் தொடாது என்பது இன்னொரு நம்பிக்கை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் விசாரித்து 2019இல் வெளியிட்ட முடிவில், 71 விழுக்காட்டினர் தங்கள் பூனை குறைந்தது ஆறு முறையாவது செடியைத் தின்றதைப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான பூனைகள் தின்பதற்கு முன் நோயாளியாகத் தெரியவில்லை. ஆகவே செடி மெல்லுவது பூனையின் இயல்பு. எதை மெல்லலாம் என்ற அறிவு அதோடு சேர்ந்தே வந்துவிட்டது என்று நம்ப இடமில்லை. டிஃபன்பாக்கியா அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, அடேனியம் ஆப்பிரிக்காவும் அரேபியாவும் தந்தது, பூங்கொத்து லில்லிகளில் பலவற்றின் மூலம் ஜப்பான். கெடாப் பூனையின் பாட்டன் இவற்றை எங்கே பார்த்தான்? மெல்லும் ஆசையைத் தடுக்க முடியாது, திருப்பிவிடலாம். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்துப் பழகிய வீடுகளில் ஒரு சட்டி கோதுமையை முளைக்கவிட்டுப் பூனைக்கு என்று ஒதுக்குவது பெரிய காரியமா என்ன.

எங்கள் தோட்டத்தில் கோயிலைச் சுற்றி அரளிதான், பூனைகளும் அங்கேயே திரிந்தன, ஒன்றும் சாகவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். மதிக்க வேண்டிய ஆட்சேபம் இது, ஏனென்றால் பாதி உண்மை. வெளியே அலையும் பூனைக்கு மெல்லப் புல் கிடைக்கிறது. கசக்கும் அரளி இலையை அது நாடவேண்டிய அவசியமில்லை. மீதிப் பாதி பார்வையின் குறை. நோயுற்ற பூனை ஒதுங்கிப்போய் எங்கோ சாகும். லயத்தில் காணாமல் போன பூனைக்கு யாரும் காரணம் தேடவில்லை, மறு வாரம் இன்னொன்று வந்து அடுப்படியில் படுத்துக்கொண்டது. அதனால் கோயில் அரளியை வெட்டச் சொல்லவில்லை. பூசைக்குப் பறித்த பூவையும் பழைய மாலையையும் வீட்டுத் தரையில் போட்டுவைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். துளசியும் மல்லிகையும் ரோஜாவும் இருக்கும் வீட்டில் சாமிக்கு ஒரு குறையும் வந்துவிடாது. வரவேற்பறைக்குப் பச்சை வேண்டும் என்றால் அரேகா பனை, ஸ்பைடர் பிளாண்ட், கலாத்தியா, பெப்பரோமியா, ஃபெலனோப்சிஸ் ஆர்க்கிட் எல்லாம் நம் நர்சரிகளிலேயே கிடைப்பவை. பூனைக்குத் தீங்கு செய்யாதவை.

செடி நல்லதாக இருந்தும் தொட்டியில் போட்ட மருந்து கொல்வதும் உண்டு. நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைட் உருண்டையைத் தின்ற பூனைக்கு வலிப்பு வரும். செம்பனையில் வைப்பது போன்ற எலிப் பாஷாணத்தை வீட்டிலும் வைத்தால், செத்த எலி வழியாக விஷம் பூனைக்கு ஏறும். மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து தோட்டம் தோட்டமாகத் தெளித்த பெண்களின் பேரப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பராகுவாட் என்ற களைக்கொல்லி அவர்கள் உடம்பைக் கெடுப்பதைத் தெனாகானித்தா போன்ற அமைப்புகள் ஆவணப்படுத்தின; 2002இல் வந்த தடை 2006இல் தளர்ந்து, 2020 ஜனவரி 1இல்தான் முழுமையாயிற்று.

இனி விற்பவர் பக்கம். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் விற்கும் மருந்துப் போத்தலில் நச்சின் அளவைச் சொல்லும் நிறப்பட்டை இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டம் வளர்ப்பவர் மீது கடமைகளைச் சுமத்துகிறது. இரண்டுக்கும் நடுவில், தெரியாமல் லில்லிக் கொத்தை வாங்கிப் போகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் கட்டாயமில்லை. பசார் மாலாமில் தரையில் விரித்து விற்கும் அம்மாவையும் இதில் இழுப்பதா என்று கேட்கலாம். வேண்டாம், அவர் விற்பது பெரும்பாலும் கெலாடியும் மணி பிளாண்டும். பூக்கடைகளிலிருந்தும் பதிவு பெற்ற நர்சரிகளிலிருந்தும் தொடங்கலாம். நாலே செடிகள், பூனைப் படத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒட்டுச்சீட்டு, சில காசு செலவு. எழுத்தே தேவையில்லை என்பதால் எந்த மொழியில் அச்சிடுவது என்ற நம் வழக்கமான சண்டைக்கும் வேலையில்லை. வியாபாரம் படுத்துவிடும் என்ற பயமும் வீண். பூனை இல்லாதவர் லில்லியை வாங்கிக்கொண்டுதான் இருப்பார். பூனை இருப்பவர் அதே கடையில் ஆர்க்கிட் வாங்குவார்.

இதைக் கெடாவில் வலியுறுத்த இன்னொரு காரணம் தூரம். லில்லி தின்ற பூனைக்கு 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால் நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ இருப்பவருக்கு அது எட்டக்கூடிய கணக்கு. சனிக்கிழமை இரவு பூனை வாந்தி எடுப்பதைப் பார்க்கிற, உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்துக் குடும்பம் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் அந்தக் கணக்கு தூக்கத்திலேயே கரைந்துவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது, பால் புகட்டுவது இரண்டும் வேண்டாம். முதலாவது கூடுதல் விஷம், இரண்டாவது வீண் தாமதம். மகரந்தம் ஒட்டியிருந்தால் நக்கவிடாமல் ஈரத் துணியால் துடைத்து, கடித்த செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு, எத்தனை மணிக்குக் கடித்தது என்று குறித்துக்கொண்டு, எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று அப்போதே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.