நோயாளியைக் கேட்டீர்களா?

பின்னி மில்லில் வாலிபத்தைக் கழித்த புளியந்தோப்புத் தொழிலாளிகள் இன்று புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் காணும் பிராயத்தை எட்டிவிட்டார்கள். மில் 1996-இல் மூடப்பட்டது, மனிதர்கள் இருக்கிறார்கள். அந்நோய் கண்டால் எந்தச் சிகிச்சை என்பதை யார் தீர்மானிப்பது? வைத்தியரே என்று பலரும் சொல்லிவிடுவர். நாம் அதை ஒப்புவதற்கில்லை.

பிரிட்டனில், ஆரம்ப நிலையில் நோய் கண்ட 1,643 பேரில் ஒரு சாராருக்கு ரண சிகிச்சையும், ஒரு சாராருக்குக் கதிர் சிகிச்சையும் செய்வதென்றும், மற்றவரைச் சோதித்து மட்டும் வருவதென்றும் வகுத்தார்கள். 2023-இல் வெளியான பதினைந்து வருஷ முடிவின்படி இந்நோயால் மாண்டவர் மொத்தம் 45 பேரே. மூன்று பிரிவுக்கும் அதிக வித்தியாசமில்லை. ஆயுளில் பேதமில்லை, வாழ்விலோ பேதமுண்டு. ரண சிகிச்சையில் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் அதிகம். கதிரில் மலக்குடல் உபத்திரவம். சோதித்து மட்டும் வந்தவர்களிடையே நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு. இவற்றில் எதைச் சகிக்கலாம் என்பதை அனுபவிக்கப் போகிறவனன்றோ சொல்ல வேண்டும்?

இதை அளக்கவும் வழியுண்டு. “இவ்வுபத்திரவத்தோடு பத்து வருஷம் வாழ்வதற்குப் பதிலாக, பூரண சுகத்தோடு எத்தனை வருஷம் கிடைத்தால் சம்மதிப்பீர்?” என்று கேட்பார்கள். எட்டு என்பவனுக்கு அது வாழ்வில் ஐந்திலொரு பங்கைத் தின்கிறதென்று கணக்கு. இம்முறையைக் கொண்டே சண்டிகர் பட்டமேற்படிப்பு வைத்தியக் கழகத்தார் ஐந்து மாகாணங்களில் ஜனங்களை விசாரித்து, இந்தியாவுக்கென்று ஓர் அளவை 2022-இல் வெளியிட்டார்கள். அந்நிய நாட்டாரின் மதிப்பை இரவல் வாங்காததை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதிலுள்ள தலைப்புகள் நடமாட்டம், தன் பணியைத் தானே செய்தல், அன்றாட அலுவல், நோவு, மனக்கவலை என்னும் ஐந்தே. சிறுநீரும் தாம்பத்தியமும் அதிலில்லை. விசாரிக்கப்பட்டவரும் நோயாளிகளல்லர், பொது ஜனங்கள். மகன், மருமகள், பேரன்மாரோடு ஒற்றை அறையில் குடியிருந்து, பொதுக் கக்கூஸில் வரிசை நிற்கும் முதியவருக்குக் கசிவு எவ்வளவு பெரிய துன்பம் என்பது அந்த ஏட்டில் அகப்படாது.

கேட்கும் விதத்திலும் சூதுண்டு. 1982-இல் அமெரிக்காவில் மக்னீல் என்னும் அம்மையாரும் சகாக்களும், நுரையீரல் புற்றுநோயின் ஒரே புள்ளிகளை ஒரு சாராரிடம் ‘பிழைப்பவர் இத்தனை’ என்றும், மற்றவரிடம் ‘சாகிறவர் இத்தனை’ என்றும் சொன்னார்கள். முதல் விதமாகக் கேட்டவர்களே ரண சிகிச்சையை அதிகம் நாடினர். வைத்தியர்களும் இதில் ஏமாந்தார்கள்! ஆகவே இரண்டு விதமாகவும், நிதானமாகவும், தமிழிலும் கேட்பதே முறை. சிகிச்சையின் பயன், அபாயம், மாற்று வழி யாவற்றையும் போதிய அளவு சொல்லியே சம்மதம் பெறவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டும் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நம்மை மிகவும் உறுத்துவது வேறு. நோய் முற்றிப் பரவிய பின் வருகிறவர்கள் நம்மில் அநேகர். ஆண் சுரப்பை அடக்க அவர்களுக்குப் பிரதானமாக இரண்டு வழிகள்: மாதக் கணக்கில் தொடர்ந்து ஊசி போடுவது, அல்லது விதைகளை ஒரேயடியாக எடுத்துவிடுவது. பின்னது மலிவு, முன்னதை வேண்டுமானால் நிறுத்திவிடலாம். கையில் காசில்லாதவன் பின்னதற்குக் கையெழுத்திட்டால், அதை அவன் விருப்பமென்று எந்த நியாயத்தில் பதிவது? அளந்தது அவன் மனதையல்ல, மடியை.

ஸ்டான்லி முதலிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஊசி தடையின்றிக் கடைசிவரை கிடைக்குமென்ற உறுதியை முதலில் கொடுங்கள். பிறகு அம்முதியவரைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். வீட்டுக்குப் போய் மனைவியோடு யோசித்து வர ஒரு வாரம் தவணையும் கொடுங்கள்.