சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் டீக்கடைக்குப் போனாலும், காலேஜ் வாலிபர்களைப் பற்றிய குற்றப்பத்திரிகை ஒன்று தயாராக இருக்கிறது. குற்றங்கள் இரண்டு. சனிக்கிழமை வந்தால் மதுரை பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள் என்பது முதல் குற்றம். ஏறாமல் மிஞ்சியவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது இரண்டாவது. “ஊர் சுற்றுவதும் பந்து உதைப்பதுமா படிப்பு?” என்று கேட்டுவிட்டுப் பெரியவர்கள் இரண்டாவது டீக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கும் வேலை இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த வழக்கில் நான் வாலிபர்கள் பக்கம் ஆஜராகிறேன். அதோடு, குற்றம் சாட்டுகிறவர்களையே கூண்டில் ஏற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் மதுரைப் பிரயாணத்தை எடுத்துக்கொள்வோம். அது நேற்று முளைத்த பைத்தியம் அல்ல. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. தொண்ணூறு கிலோமீட்டர் பாதை. ஏலக்காய் மூட்டை போன வழியில் மனிதர்களும் போனார்கள். 1952-ல் ‘பராசக்தி’ படத்தோடு மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்தது. அந்தக் கொட்டகையின் பிரம்மாண்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, வருஷக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னவர்கள் யார்? இன்று குற்றப்பத்திரிகை வாசிப்பவர்களின் தகப்பனார்கள்தாம். தங்கம் தியேட்டர் இன்று இல்லை. கதை மட்டும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் முடிவோடு மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் திறந்தது. ரயில் திரும்பி வந்ததில் மகிழாத பெரியவர் உண்டா? ரயில் வேண்டும், ஆனால் அதில் பிள்ளைகள் ஏறக் கூடாது! இது என்ன நியாயம்?

பிள்ளை ஏன் போகிறான்? சினிமாவுக்கும் ஜிகர்தண்டாவுக்கும் மட்டுமல்ல. சொந்த ஊரில் அவன் இன்னார் மகன், இன்ன தெரு, இன்ன ஜாதி. தெருமுனையில் நின்றால் நாலு கண் எடை போடும். மாசி வீதிக் கூட்டத்தில் நுழைந்துவிட்டால் அவனை யாருக்கும் தெரியாது. பெயரில்லாமல் ஒரு பகல் நடந்து பார்ப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பது ஊரிலேயே கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த விடுதலைக்குப் பஸ் டிக்கெட் ஒன்றும் அதிக விலை அல்ல.

ஆனால் அந்தி சாயும்போது கதை வேறு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு முட்டி மோதி ஏறி, ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் நின்றுகொண்டே வருகிறானே, அப்போது அவன் சட்டைப்பையைப் பாருங்கள், மனசையும் பாருங்கள். இரண்டும் காலி. பகல் முழுவதும் நகரம் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை டிக்கெட்?” தியேட்டரில் கேட்டது, ஹோட்டலில் வேறு வார்த்தையில் கேட்டது, துணிக்கடையில் சிரித்துக்கொண்டு கேட்டது. போனவன் வாடிக்கைக்காரனாகப் போனான், வாடிக்கைக்காரனாகவே திரும்பினான். அடுத்த சனிக்கிழமை அவன் வராவிட்டால் மதுரை அவனைத் தேடப்போவதில்லை.

மைதானம் தேடும். இடதுபுறம் ஆடுகிறவன் வரவில்லை என்றால் பத்துப் பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். ஒருவன் வீட்டுக்கே சைக்கிளை விடுவான். கால்பந்தாட்டத்தின் மேன்மை இதுதான் என்று நினைக்கிறேன். இருபது வயதுப் பிள்ளையைப் பார்த்து, “நீ இல்லாமல் எங்களால் ஆகாது” என்று சொல்கிற இடம் நம் ஊர்களில் வேறு எது இருக்கிறது?

இருந்தும் அந்த மைதானத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் எழுந்தது. போடியில் ஏல விவசாயிகள் சங்கத்தின் கல்லூரி 1969-ல் எழுந்தது. மதுரைக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்களில் அதன் பிறகுதான் முதல் பட்டதாரி தோன்றினான். வகுப்பறையை ஊருக்குக் கொண்டுவந்தோம். சனிக்கிழமையைக் கொண்டுவர மறந்துவிட்டோம். கல்லூரி அணி எந்தத் தேதியில், எந்த ஊரில், யாரோடு ஆடுகிறது என்று வாசலுக்கு எதிரே கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். விழிப்பார். ஜெயித்த செய்தியாவது தெரியுமா? அதுவும் தெரியாது. முழங்கால் பிசகி நொண்டிக்கொண்டு வருகிற பையனை மட்டும் தெரியும். “அப்பவே சொன்னேன், கேட்டானா?” என்பார். வைத்தியச் செலவு பையனின் தகப்பனார் தலையில். மேலே ஏறும்போது பார்க்க ஆளில்லை. கீழே விழும்போது மட்டும் ஊரே சாட்சி!

கால்பந்தையும் வெளியூர்ப் பிரயாணத்தையும் பகையாளிகளாகப் பார்க்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இல்லை. 1911 ஜூலை 29, ஒரு சனிக்கிழமை. கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். மோகன் பகான் அணியில் பத்துப் பேருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. எதிரே பூட்ஸ் போட்ட கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளம். ஆட்டம் பார்க்க வெளியூர்க்காரர்களுக்காகத் தனி ரயில் விட்டார்கள்; ஸ்டீமர் விட்டார்கள். முதல் கோல் வெள்ளைக்காரர்கள் போட்டது. பிறகு பகான் இரண்டு போட்டு ஜெயித்தது. அன்று ரயிலேறி வந்த கிராமத்தான் வாடிக்கைக்காரனாகவா ஊர் திரும்பியிருப்பான்?

அதே கல்கத்தாவில் இன்னொரு சனிக்கிழமையும் உண்டு, மறைக்க மாட்டேன். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது கூட்டத்தில் கலவரம் மூண்டு பதினாறு பேர் மாண்டார்கள். கூட்டத்தைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு அதைக் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பதினாறு உயிர் சொல்லிவிட்டுப் போன பாடம்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஒரு தனி மதம். அது நம் கால்பந்து அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு பந்தைக் கையில் இடுக்கி ஓடுகிற ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பர் ஊரின் ஜனத்தொகை சுமார் 1,20,000. அங்குள்ள மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் பெரிய நகரத்துக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு சின்ன ஊருக்குப் போகிறார்கள்! அங்கே தாழ்வும் உண்டு. 1905-ல் ஒரே பருவத்தில் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் ஆட்டத்தில் அடிபட்டுச் செத்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. பிறகு பணம் புகுந்தது. பேராசிரியரைவிடப் பயிற்சியாளருக்குப் பல மடங்கு சம்பளம் என்று ஆயிற்று. அந்தப் பணப் பைத்தியம் நமக்கு வேண்டாம். நகரத்துச் சனிக்கிழமையைச் சின்ன ஊர் தன் பக்கம் இழுக்க முடியும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

“அது அமெரிக்கா ஐயா, இது தேனி” என்பீர்கள். நல்லது, தேனி ஜில்லாவை விட்டு வெளியே போக வேண்டாம். பெரியகுளத்துக்கு வாருங்கள். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற உள்ளூர்ச் சங்கம் பல பத்தாண்டுகளாகக் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்திவருகிறது. பெரிய நகரங்களிலிருந்து வங்கி அணியும் பட்டாளத்து அணியும் மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற அந்த ஊரைத் தேடி வருகின்றன. விளக்கு வெளிச்சத்தில் ஊர் உட்கார்ந்து பார்க்கிறது. கூடையில் விழுகிற பந்துக்கு முடிந்தது கோலில் விழுகிற பந்துக்கு முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை “பிள்ளை, பையன்” என்றே பேசிவந்தேன். பெண் எங்கே? மதுரைக்குத் தனியே போய்வருகிறேன் என்று அவள் கேட்டால் வீட்டில் நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை. உள்ளூரிலாவது பந்து ஆட விடுகிறோமா? ஆட வேண்டாம், பார்க்க விடுகிறோமா? பெரியகுளத்தில் 1971 முதல் பெண்கள் கல்லூரி இருக்கிறது. தேனியில் 1996 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியக் கால்பந்துப் பட்டத்தை 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் ஹரியானாவையும் தோற்கடித்து வாங்கிவந்தார்கள். நாட்டையே ஜெயிக்கிற பெண்களைப் பெற்ற மாநிலத்தில், தெருக்கோடி மைதானத்துக்குப் போவதற்கு ஒரு பெண் மூன்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணுக்காவது சனிக்கிழமை பஸ்ஸில் கிடைக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை.

எதிர்வாதங்களை நான் கேட்காதவன் அல்ல. மார்க் குறையும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மாலை ஆடுவதால் குறைகிற மார்க், பஸ்ஸில் போகவர ஒரு நாள் கழிவதால் குறையாதா? அடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வாதம் சொல்கிறார்கள்: “ஊருக்கு ஊர் ஆட்டம் வைத்தால் ஜாதிச் சண்டை வரும்.” பயம் பொய்யல்ல. ஆனால் சட்டையில் ஜாதி எழுதாமல் வெறும் எண் எழுதுகிற இடம் அது ஒன்றுதான். பந்தைத் தள்ளும்போது எதிரே ஓடுகிறவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பந்து போய்விடும். தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தை ஊர் கண்ணால் பார்த்தால்தானே கற்கும்? பூட்டிய கேட்டுக்குப் பின்னால் அதை ஆடி என்ன பயன்?

ஆகையால் என் கோரிக்கை சின்னது. கல்லூரி நிர்வாகிகளே, ஆட்டங்களைச் சனிக்கிழமை மாலையில் வையுங்கள், தேதியை பஜாரில் ஒட்டுங்கள், கேட்டைத் திறந்துவிடுங்கள். பெண்கள் உட்கார இடமும் ஆட நேரமும் ஒதுக்குங்கள். அடிபட்ட பிள்ளையின் வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்ந்தால் அதற்கேற்ற காவலும் வழியும் செய்யுங்கள். பெரியவர்களே, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு மாலை வந்து உட்காருங்கள்.

மதுரைப் பஸ் போகட்டும். பிள்ளைகள் அதில் ஏறட்டும். போக்கிடம் வேறு இல்லாமல் ஏறுவதுதான் கேவலம். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-ல் கிழக்கே திருப்பி விட்டதால் நெல் விளைகிற பள்ளத்தாக்கு இது. மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்ப முடிந்த இடத்தில், ஒரு சனிக்கிழமையைத் திருப்ப மனமில்லை என்றால், சோம்பேறிகள் என்ற பட்டத்தைப் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுடையது.