பார்லித் தட்டும் என் பழைய செய்தியும்

அண்மையில் பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியோரத் தேநீர்க் கடையொன்றில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். சவூதி அரேபியாவில் ஆட்டுப் பண்ணையொன்றில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, சேமித்த பணத்துடன் ஊர் திரும்பியவர். ஆடு வளர்க்கப் போகிறார். அதற்குத் தீவனமாகப் பார்லியை முளைக்க வைக்கும் தட்டுகளையும் கொட்டகையையும் அமைக்கத் திட்டமிட்டிருந்தார். அந்தத் திட்டத்துக்கு ஆதாரமாக அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது, மஞ்சள் பூத்த ஒரு பத்திரிகை நறுக்கு.

“நானா, இது நீங்க எழுதினதுதானே?”

நான் எழுதியதுதான். மண்ணில்லாமல், ஏழே நாட்களில், ஒரு கிலோ விதையிலிருந்து ஆறு கிலோ பசுந்தீவனம் என்று பல ஆண்டுகளுக்கு முன்னர் வியந்து எழுதியிருந்தேன். விற்பனையாளர் சொன்னதைக் கேட்டு எழுதினேன், நிறுத்துப் பார்க்கவில்லை. இரண்டு வாரங்கள் பொறுக்குமாறு அவரிடம் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். அன்று செய்யத் தவறிய வேலையை இன்று செய்திருக்கிறேன்.

நமது வீடுகளில் பார்லி என்றால் நீர்க்கடுப்புக்கு அவித்துக் குடிக்கும் கஞ்சித் தண்ணீர்தான். உலகத்தின் கணக்கு வேறு. ஆண்டுதோறும் விளையும் ஏறத்தாழ 14 முதல் 15 கோடித் தொன் பார்லியில் மூன்றில் இரண்டு பங்கு கால்நடைகளின் வயிற்றுக்கே செல்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி பியர் வடிப்பதற்கான மோல்ட் ஆகிறது. பல ஆண்டுகளாகத் தீவனப் பார்லியை உலகிலேயே அதிகமாக வாங்கிய நாடு சவூதி அரேபியா. பின்னர் பார்லி இறக்குமதியில் சீனா அதனை முந்தியது. 2020 மே மாதத்தில் அவுஸ்திரேலியப் பார்லிக்குச் சீனா 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட வரியை விதித்தபோது அந்தச் சரக்கு வேறு சந்தைகளைத் தேடிப் போனது. 2023 ஓகஸ்டில் வரி நீக்கப்பட்டதும் மீண்டும் சீனாவுக்கே திரும்பியது. இத்தகைய பெருங்கடலில்தான் நமது இளைஞர் தன் சிறு தோணியை இறக்க விரும்புகிறார்.

சவூதியில் ஆட்டுக்கு மூட்டை மூட்டையாகப் பார்லி கொட்டப்படுவதை அவர் கண்ணாரக் கண்டவர். ஆனால் அந்தப் பார்லிக்குப் பின்னால் எண்ணெய்ப் பணமும் நீண்டகால அரச மானியமும் நின்றன. கற்பிட்டியில் அவருக்குப் பின்னால் நிற்கப்போவது அவருடைய சேமிப்பு மட்டுமே.

இனி அந்த ஆறு கிலோவுக்கு வருவோம். ஒரு கிலோ பார்லி விதையில் ஈரம் போக ஏறத்தாழ 880 கிராம் உலர்பொருள் உண்டு. ஏழு நாட்களில் அது ஆறு கிலோ எடையுள்ள பச்சைப் பாயாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் 86 சதவீதம் தண்ணீர் எனில், எஞ்சும் உலர்பொருள் 840 கிராம். கூடவில்லை, 40 கிராம் குறைந்திருக்கிறது. முளைவிடும் விதை தன்னுள் இருக்கும் மாவுச்சத்தை எரித்தே வளர்கிறது; அந்த இழப்பைத் தட்டுக்குள் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தால் ஈடுசெய்ய முடிவதில்லை. ஆக, விலைகொடுத்து வாங்கிய தானியத்தோடு கிணற்றுத் தண்ணீரைச் சேர்த்து எடையைக் கூட்டியதுதான் மிச்சம்.

முளைப்பயிரில் நன்மையே இல்லை என்று நான் வாதிடவில்லை. உயிர்ச்சத்துகள் கூடுகின்றன, ஆடுகள் விரும்பித் தின்கின்றன, நிலமே இல்லாதவருக்குச் சிறிதளவு பச்சை கிடைக்கிறது. ஆனால் பார்லி குளிர்காலப் பயிர். நமது கரையோர வெக்கையில் நனைந்த விதை எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தின்ற விலங்கு நோய்ப்படலாம், சாகவும் கூடும். குளிரூட்டப் போனால் மின்கட்டணம் மிச்சப் பணத்தையும் தின்றுவிடும்.

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு: விதை எங்கிருந்து வரும்? கப்பலில்தான். கப்பலை நம்பிய தீவனம் என்னவாகும் என்பதை நாம் மிக அண்மையில்தான் அனுபவித்தோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உள்ளூர்ச் சோள விளைச்சல் சரிந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியதும் உலகத் தானிய விலை ஏறியது. தீவனத்தை இறக்குமதி செய்ய டொலர் இருக்கவில்லை. கோழிப்பண்ணைகள் சுருங்கின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தோம். அந்தப் பாடத்துக்கு நாடு கொடுத்த கட்டணம் சிறியதன்று.

அப்படியானால் இந்தக் கரைக்குப் பார்லியே வேண்டாமா? வேண்டும், வேறு வடிவத்தில். பியர் வடிசாலைகளில் எஞ்சும் பார்லிச் சக்கை இந்நாட்டிலேயே கிடைக்கிறது. நூறு லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். உலர்நிலையில் அதன் புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாது. நமது பகுதியில் பலர் இதனைத் தொடத் தயங்குவதை அறிவேன். சக்கை பிரித்தெடுக்கப்படுவது நொதிக்கவைப்பதற்கு முன்னர் என்பதால் அதில் மதுசாரம் இல்லை என்பதே உண்மை நிலை. அதற்கு மேல் அவரவர் மனச்சாட்சி தீர்மானிக்கட்டும். ஆனால் ஈரச் சக்கை ஓரிரு நாட்களில் புளித்துக் கெட்டுவிடும். காற்றுப் புகாமல் அடைத்து வைக்கத் தெரிந்தவருக்கே அது இலாபம்.

அதற்கும் முன்னால், வேலியிலேயே நிற்பது கிளிறிசிடியா. அதன் இலையிலும் உலர்நிலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது. வெட்டி ஒரு நாள் வாடவிட்டால் ஆடு மாடுகள் மெல்ல மெல்லப் பழகித் தின்னும். தென்னைக்குக் கீழே புல்லும் கிளிறிசிடியாவும் வளர்த்து மாடு மேய்ப்பதைப் பற்றி, இதே மாவட்டத்தின் லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறது. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் அருகிலேயே உண்டு. தேங்காய் விலை ஏறினால் புண்ணாக்கும் ஏறும் என்பது மெய்தான். ஆயினும் அதற்குக் கப்பல் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

எனது கோரிக்கை எளியது. தீவனமோ, தீவனக் கருவியோ விற்பவர் எவராயினும் பச்சை எடையைச் சொல்லாமல் உலர் எடையைச் சொல்லட்டும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம், ஒரு கிலோ உலர்பொருளும் ஒரு கிலோ புரதமும் ஒவ்வொரு தீவனத்திலும் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பதை மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடட்டும். பத்திரிகைகள் அதனை மரக்கறி விலையைப் போல் அச்சிடட்டும். வெளிநாட்டிலிருந்து ஊரிலுள்ள தம்பிக்குப் பணம் அனுப்பும் வாசகர்களும், அனுப்புவதற்கு முன்னர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: உலர்ந்தால் எவ்வளவு?

இரண்டு வாரங்களின் பின் அதே கடையில் அந்த இளைஞரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அன்றைக்கு ஏன் நானா அப்படி எழுதினீங்க?” என்று கேட்டார்.

கணக்குப் பார்க்காமல் எழுதினேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை. பத்திரிகையில் வெளிவராத திருத்தத்தை இங்கே எழுதியிருக்கிறேன். அந்த நறுக்கை வைத்திருப்பவர்கள் இதனையும் அதனுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.