பாடம் கற்றது யார்?

நாலு படித்த மனிதர்கள் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ஒருவர் பேசுவார், மற்ற மூவரும் அவர் எப்போது நிறுத்துவார் என்று காத்திருப்பார்கள். அப்படி இல்லாமல், ஒருவரை ஒருவர் மடக்கியும், விட்டுக்கொடுத்தும், நடுநடுவே சிரிக்க வைத்தும் நடந்த ஒரு சம்பாஷணையைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

1952-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி பி.பி.ஸி. ரேடியோவில் அது ஒலிபரப்பாயிற்று. கணக்குப் போடும் யந்திரம் சிந்திக்கிறது என்று சொல்லலாமா, கூடாதா? இதுதான் விஷயம். பேசினவர்களில் முதல்வர் அலன் டூரிங், கணித நிபுணர். (டூரிங் டாக்கீஸுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) அடுத்தவர் மாக்ஸ் நியூமன், கேம்பிரிட்ஜில் டூரிங்குக்கு வாத்தியாராக இருந்தவர், பிறகு மான்செஸ்டருக்கு அவரை அழைத்துக்கொண்டவர். மூன்றாமவர் ஜெப்ரி ஜெபர்ஸன், மூளை ஆப்பரேஷனில் பெயர் பெற்ற டாக்டர். நாலாமவர் ரிச்சர்ட் பிரெய்த்வைட், தத்துவ அறிஞர். பேச்சு சண்டையாக முற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது.

அந்த நாள் கம்ப்யூட்டரை இன்று நம் கைக்குள் அடங்கும் போனோடு சேர்த்து நினைக்கக் கூடாது. மான்செஸ்டரில் அப்போது இருந்த யந்திரம் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. பழைய ரேடியோப் பெட்டிக்குள் இருக்குமே வால்வு, அது ஆயிரக்கணக்கில் அதற்குள் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மனசு உண்டா என்று கேட்பதே பலருக்குக் கேலியாகப் பட்டது.

டூரிங் கேலிக்கு அஞ்சுகிறவர் அல்ல. "சிந்தனை என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லச் சொல்லாதீர்கள், ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்போம்" என்கிற தோரணையில் அவர் ஆரம்பித்தார். யந்திரத்தை எங்கேயோ தூரத்து அறையில் வைத்துவிட வேண்டியது. ஒரு ஜூரி அதனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் டைப் அடித்து வரும். எதிரே இருப்பது மனிதனா யந்திரமா என்று ஜூரி கண்டுபிடிக்க வேண்டும். சில சமயம் நிஜ மனிதனையும் அங்கே உட்கார வைப்பார்கள். ஜூரியில் யந்திர நிபுணர்கள் இருக்கக் கூடாது. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, யந்திரத்துக்கு டூரிங் கொடுத்த சலுகைகள். மனிதனைப் போல் நடிப்பதற்காக அது தந்திரங்கள் செய்யலாமாம். பதில் தெரிந்தாலும் சற்று யோசிப்பது போலத் தாமதிக்கலாம். எழுத்துப் பிழை விடலாம். (இந்தச் சலுகையை நம் வீட்டுக் குழந்தைகள் யாரையும் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.)

பிறகு பேச்சு கல்வியின் பக்கம் திரும்பிற்று. யந்திரத்துக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியதில்லை; குழந்தைக்குச் சொல்லித் தருவது போலச் சொல்லித் தரலாம் என்பது டூரிங்கின் கட்சி. தாமே அப்படிக் கொஞ்சம் பரீட்சித்துப் பார்த்ததாகவும், அது ஒரு சின்ன வேலையைக் கற்றுக்கொள்வதற்குள் தாம் ஏகப்பட்ட பாடம் நடத்த வேண்டியிருந்தது என்றும் ஒப்புக்கொண்டார். டாக்டர் ஜெபர்ஸன் விடுவாரா? அப்படியானால் பாடம் கற்றது யார், நீங்களா, யந்திரமா என்று கேட்டார். இரண்டு பேருமே என்று நினைக்கிறேன் என்றார் டூரிங்.

முதல் குழந்தையை வளர்த்த எந்தத் தாயாரும் இந்தப் பதிலை மறுக்க மாட்டாள்.

ஆனால் இங்கேதான் பிரெய்த்வைட் ஒரு நல்ல கேள்வியை எழுப்பினார். குழந்தை ஏன் கற்றுக்கொள்கிறது? அதற்கு ஆசை இருக்கிறது. பசி இருக்கிறது. யந்திரம் குழந்தையைப் போல் கற்க வேண்டுமானால் ஆசைகள் போன்ற ஏதாவது ஒன்றை அதற்குள்ளும் வைக்க வேண்டாமா என்றார். நிலாவைப் பார்த்துக் கையை நீட்டுகிறதே ஒரு வயசுக் குழந்தை, அந்தக் கை நீட்டலைக் கம்பியிலும் வால்வாலும் எப்படிச் செய்வது?

டாக்டர் ஜெபர்ஸனின் கட்சியும் கிட்டத்தட்ட இதுதான். 1949-ம் வருஷமே அவர் ஒரு பிரசங்கத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்: யந்திரம் ஒரு கவிதையைத் தானே உணர்ந்து எழுத வேண்டும், எழுதியது தான்தான் என்று அதற்குத் தெரியவும் வேண்டும், அதுவரை மூளைக்கு அது சமானம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. அதற்கு டூரிங் பத்திரிகைக்காரரிடம், யந்திரம் எழுதும் கவிதையை இன்னொரு யந்திரம்தான் நன்றாக ரசிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பதில் சாமர்த்தியமானது, சந்தேகமில்லை. ஆனால் டாக்டரின் கேள்விக்கு அது பதிலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

நியூமன் கடைசியில் காரியத்துக்கு வந்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் யந்திரம் தாக்குப் பிடிக்கும் நாள் வர ரொம்பக் காலம் ஆகுமல்லவா என்றார். குறைந்தது 100 வருஷம் ஆகும் என்றார் டூரிங்.

அந்த 100 வருஷம் 2052-ல்தான் முடிகிறது. ஆனால் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. வத்தக்குழம்புக்குப் பக்குவம் கேட்டாலும் சொல்கிறது, மாமியாருக்கு மன்னிப்புக் கடிதம் கேட்டாலும் எழுதித் தருகிறது. அதுகூடப் பெரிதல்ல. எல்லாரும் தூங்கின பிறகு, தூக்கம் வராமல், யாரிடமும் சொல்லாத மனக்குறையை அதனிடம் டைப் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்று பதில் வருகிறது. வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. புரிந்துகொண்டது யார் என்று டாக்டர் ஜெபர்ஸன் கேட்பார். வீட்டில் கேட்க ஆள் இல்லாததனால்தானே இங்கே வந்தேன் என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டால், டாக்டர் என்ன சொல்லியிருப்பாரோ!

இத்தனையையும் முதலில் யோசித்த டூரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அவருடைய தாயார் ஸாரா பிறந்தது கோயமுத்தூருக்குப் பக்கத்துப் போத்தனூரில், 1881-ல். ஸாராவின் தகப்பனார் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயில் பெரிய எஞ்சினியர். சத்தம் போடாத பங்காச் சக்கரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர். டூரிங்கின் தகப்பனாரும் மதராஸ் மாகாணத்தில் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர். பிள்ளை 1912-ல் லண்டனில் பிறந்தான். இந்திய வெயில் ஆகாதென்று அவனையும் அண்ணனையும் சின்ன வயசிலேயே இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு, தாயார் கப்பலேறினாள்.

யுத்த காலத்தில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைத்தவர்களில் டூரிங் முக்கியமானவர். அந்தச் செய்தி 1970-களில்தான் வெளியே வர ஆரம்பித்தது.

ரேடியோப் பேச்சை ஜனவரி 23-ந் தேதி மறுபடி ஒலிபரப்பினார்கள். அதே நாளில் டூரிங்கின் வீட்டில் திருடு போயிருந்தது தெரிய வந்தது. போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணை திருடனை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிற்று. அவர் ஆணிடம் அன்பு வைத்த ஆண். அந்நாளைய இங்கிலாந்தில் அது குற்றம். மார்ச் 31-ந் தேதி கோர்ட்டில் தீர்ப்பு: ஜெயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் ஒரு வருஷம் ஹார்மோன் சிகிச்சைக்கு உட்பட வேண்டும். உட்பட்டார். உள்ளே இருப்பது யார் என்று பார்க்காதீர்கள், சொல்லும் பதிலைப் பாருங்கள் என்று ரேடியோவில் வாதாடின மனிதருக்கு, தம் விஷயத்தில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

1954 ஜூன் 7-ந் தேதி, 41 வயசில், விஷத்தால் இறந்தார். தற்கொலை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். 2013-ல் ராணி மன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுன் நோட்டில் அவர் படம் வந்தது.

தாயார் அந்தத் தற்கொலைத் தீர்ப்பை ஏற்கவே இல்லை. பிள்ளை வீட்டில் ரசாயனச் சோதனைகள் செய்கிறவன். கையைச் சரியாகக் கழுவாதவன். தவறிப் போய் வாய்க்குள் போயிருக்கும் என்றே கடைசி வரை சொல்லி வந்தாள். 1959-ல், 77 வயசில், மகனுடைய சரித்திரத்தை அவளே எழுதி வெளியிட்டாள். யுத்தத்தில் அவன் செய்த வேலை என்னவென்று அப்போது அவளால் எழுத முடியவில்லை. ரேடியோப் பேச்சின் ஒலிப்பதிவும் மிஞ்சவில்லை. நாலு பேரும் பேசினது காகிதத்தில் டைப் அடித்தபடி மட்டும் இருக்கிறது. டூரிங்கின் குரல் பதிவான தட்டு எதுவும் இதுவரை அகப்படவில்லை.