விசிறியை அடக்காதீர்கள், விசாரியுங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டு மேசைக் கணினியைத் திறந்ததும் விசிறி ‘ஹூ’ என்று இரையத் தொடங்கி, அடைக்கும்வரை ஓயாமல் ஓடுகிறதா? வழக்கமாக இரண்டு யோசனைகள் வரும். விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைப் போட்டுக்கொள் என்பார் நண்பர். கணினி பழசாகிவிட்டது, புதிதாக வாங்கு என்பார் இன்னொருவர். இரண்டையும் நான் ஏற்பதில்லை. விசிறி ஏன் அப்படி ஓடுகிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

முதலில் அந்த விசிறியின் வேலையைப் பாருங்கள். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தகட்டுப் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். 65 வாட் எடுக்கும் பல கணினிச் செயலிகளின் சில்லு 2 சதுர சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 வாட்டுக்கு மேல்! இந்த வெப்பம் வெப்பப் பசை வழியாக உலோகத் தகடுகளுக்குக் கடத்தப்படுகிறது. தகடுகளிலிருந்து அதை அள்ளிச் செல்வது விசிறி தள்ளும் காற்று. படிவம் இரண்டில் படித்த வெப்பப் பாடம்தான்.

வழியில் எங்கு தடை வந்தாலும் செயலி சூடேறும், விசிறி வேகமெடுக்கும். சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் இரைச்சல் சுமார் 15 டெசிபல் கூடும். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. விசிறியால் எதையும் அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க முடியாது. 24 பாகை குளிர்சாதன அறையில் அமைதியாக இருக்கும் அதே கணினி, மதியம் 32 பாகை உள்ள கூடத்தில் இரைவது இயற்கை. அதைப் பழுது என்று சொல்லாதீர்கள்.

இனி விசாரணை. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தமிழ்ப்பள்ளியிலேயே எழுதிப் பழகியவர்கள் நீங்கள். தேர்வுத்தாளோடு அதை மூட்டை கட்டிவிடுவதுதான் எனக்கு வருத்தம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், முடிவைக் குறித்து வையுங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் செயலியின் பயன்பாடு தொடர்ந்து 60, 70 விழுக்காட்டில் நிற்கிறதா? பின்னணியில் ஏதோ ஒரு நிரல் ஓடுகிறது. இயங்குதளப் புதுப்பிப்பாக இருக்கலாம், திருட்டு விளையாட்டோடு ஒட்டி வந்த வேண்டாத நிரலாகவும் இருக்கலாம். அப்படியானால் திருகாணியைத் தொடவே வேண்டாம்.

பயன்பாடு 3 விழுக்காடுதான், ஆனால் வெப்பநிலை 70 பாகையைத் தாண்டி நிற்கிறது என்றால், வெப்பம் வெளியேறவில்லை. பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வெப்பநிலை சட்டென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை. இறங்காவிட்டால் தகடுகளுக்கிடையே தூசு கம்பளிபோல் படிந்திருக்கலாம், அல்லது வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். மூடியில்லாமலே விட்டு, எதிரே மேசை விசிறியைத் திருப்பி வைக்கும் வீடுகள் உண்டு. சோதனைக்கு அது சரி. நிரந்தரமாக்கினால் தூசியோடு பல்லியும் குடியேறும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது நிலை. வேலையும் இல்லை, சூடும் இல்லை, விசிறி மட்டும் முழு வேகத்தில்! நான்கு கம்பி விசிறியில் இரண்டு கம்பிகள் மின்சாரத்துக்கு, ஒன்று தன் வேகத்தைத் தெரிவிக்க, நான்காவது தாய்ப்பலகையின் கட்டளையைப் பெற. அந்தக் கட்டளை வராமல் போனால் விசிறி நின்றுவிடாது, முழு வேகத்தில் ஓடும். ஆபத்து வந்தால் இரைச்சல் பரவாயில்லை, செயலி பிழைக்கட்டும் என்று யோசித்தே பொறியியலாளர்கள் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். எனவே இணைப்பு தளர்ந்திருக்கிறதா, பயோஸ் அமைப்பில் விசிறிக் கட்டுப்பாடு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கம்பி விசிறியை நான்கு கம்பிக்கான இணைப்பில் செருகினாலும், பயோஸில் முறையை மாற்றாதவரை இதே நிலைதான்.

ஒலியின் தன்மையையும் கவனியுங்கள். ‘ஹூ’ என்றால் காற்று. ‘கரகர’ என்றால் தாங்கி தேய்ந்துவிட்டது. ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி இறக்கையில் உரசுகிறது. எந்த விசிறி என்று தெரியவில்லையா? சமையலறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழாயைக் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குழாய் விசிறியைத் தொடக்கூடாது.

திறப்பதற்கு முன் பெற்றோரிடம் சொல்லுங்கள். மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். தூசியை ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுழன்றால் தாங்கி கெடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் இருக்கலாம். இரைச்சல் அதிலிருந்து வந்தால் கடைக்குக் கொண்டு போங்கள்.

கடைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். “சத்தம் போடுகிறது அண்ணே” என்று மட்டும் சொன்னால், எதை மாற்றுவது என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார். “வேலையில்லாதபோது 45 பாகை, மூடியைத் திறந்தாலும் மாற்றமில்லை, பின்பக்க விசிறி கரகரக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு தாய்ப்பலகைக்குப் போகாது, சில பத்து ரிங்கிட் விசிறியோடு முடிய வாய்ப்பு அதிகம். பழைய விசிறியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விளிம்பு 80, 92, 120 மில்லிமீட்டர் என்று வேறுபடும், கம்பிகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும்.