நம் பணம் எங்கே வேலை செய்கிறது?

முதன்முதலாகச் சேமிக்கத் தொடங்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் இப்போதெல்லாம் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்பதில்லை. "சிகரெட், மது விற்கிற கம்பெனிக்கு என் பணம் போகக்கூடாது, எங்கே போடலாம்?" என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பிழைக்கத் தெரியாதவர்கள் பேச்சு என்று பெரியவர்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது.

பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்கள், தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். அப்படியல்ல. எல்.ஐ.சி. பாலிசி இல்லாத வீடு நம்மில் அபூர்வம். அந்த எல்.ஐ.சி., சிகரெட் தயாரிக்கும் ஐ.டி.சி.யில் சுமார் 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. அதற்காகப் பாலிசியைப் பாதியில் சரண்டர் செய்யச் சொல்லவில்லை, நஷ்டம் நமக்குத்தான். இனிப் போடப்போகும் பணத்தை யோசித்துப் போட்டால் போதும்.

ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். குடும்பத்துக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் இருக்கட்டும். மற்றவை அதற்குப் பிறகுதான்.

பரஸ்பர நிதிகளில் டாடா எதிகல் ஃபண்ட், ஷரியா நெறிப்படி மது, புகையிலை, வட்டித் தொழில் ஆகியவற்றைத் தவிர்க்கிறது. எம்மதத்தவரும் சேரலாம். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்து முதலீடு செய்யும் 'இ.எஸ்.ஜி.' ஃபண்டுகளும் உண்டு. இவை குறைந்தது 80 சதவீதத்தைத் தாங்கள் சொன்ன கொள்கைப்படியே முதலீடு செய்ய வேண்டுமென்று 2023-ல் செபி விதித்தது. ஆனாலும் பெயர்ப் பலகையை மட்டும் நம்பாதீர்கள். மாதந்தோறும் வெளியிடப்படும் பங்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஷெட்டில் சோதிக்காமல் எந்த எஞ்சினையும் நாங்கள் லைனுக்கு அனுப்பியதில்லை. இன்னொன்று: சில தொழில்களை ஒதுக்கினால் பணம் குறைந்த தொழில்களில் குவியும், ஏற்ற இறக்கத்துக்கு மனம் தயாராக வேண்டும்.

பங்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. மத்திய அரசு 2023 ஜனவரியில் முதன்முறையாகப் பசுமைக் கடன் பத்திரம் வெளியிட்டது. ரிசர்வ் வங்கி 2021-ல் தொடங்கிய ரீடெயில் டைரக்ட் திட்டத்தில் சாமானியரும் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கலாம். 1986-ல் அமைந்த ஐ.ஆர்.எஃப்.சி. பத்திரங்கள் மூலம் திரட்டிய பணம், ரயில் எஞ்சினும் பெட்டியும் வாங்கப் பயன்பட்டிருக்கிறது. பணம் என்ன வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதல்லவா?

பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யுமுன் நாமும் ஒன்று செய்யலாம். சங்கத்தின் நிதி எங்கே, எதில் போடப்பட்டிருக்கிறது என்பதை வரவு செலவுக் கணக்குடன் சேர்த்து ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிக்க வேண்டும் என்பது என் யோசனை. உறுப்பினர்கள் சிந்திப்பார்களாக.