மகனுக்குப் பட்டணம், மகளுக்குப் பக்கத்து ஊரா?

பிளஸ்-2 முடிவு வந்ததும் செங்கத்தில் பல வீடுகளில் இதே பேச்சுதான்.

"பையனைச் சென்னையில் சேர்ப்பதா? திருவண்ணாமலையில் சேர்ப்பதா?"

அப்பாவுக்குச் சென்னை மேல் ஆசை. அம்மாவுக்குப் பயம். பெண் பிள்ளையாக இருந்தால் பேச்சே கிடையாது. "அவளுக்குத் திருவண்ணாமலை போதும்" என்று முடிந்துவிடும்!

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஊரைப் பார்த்துக் கல்லூரியைத் தேடாதீர்கள். படிப்பைப் பாருங்கள். பக்கத்தில் கிடைக்கும் படிப்புக்குப் பட்டணம் வேண்டாம். பக்கத்தில் கிடைக்காத படிப்பு என்றால், கடன் வாங்கியாவது அனுப்புங்கள். மகளையும்தான்!

36 மாதம்!

செங்கத்தில் இருந்து திருவண்ணாமலை சுமார் 35 கிலோ மீட்டர். அங்கே அரசு கலைக் கல்லூரி 1966-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு. மலை மேல் ஜமுனாமரத்தூரிலும் இப்போது அரசு கலைக் கல்லூரி இருக்கிறது.

சென்னையோ 200 கிலோ மீட்டருக்கு மேல். அங்கே படித்தாலும் பி.காம். பி.காம்.தான். ஆனால் விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் செலவு என்று மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும். 3 ஆண்டு என்றால் 36 மாதம்! கல்லூரிக் கட்டணத்தைக் கணக்குப் போடுகிறவர்கள், இந்த 36 மாதத்தை மறந்து விடுகிறார்கள். பிறகு நிலத்தின் மீது கை வைக்கிறார்கள்.

பட்டணத்தில் பெரிய நூலகங்கள் உண்டு. கம்பெனிகள் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரிக்குப் பட்டணம்தான் அழகு என்பது இல்லை.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி முன்பு ஜார்ஜ் டவுனில், நெரிசலுக்கு நடுவே இருந்தது. 1937-ல் அது தாம்பரத்துக்குப் போனது. மரங்களுக்கு நடுவே விடுதிகள் கட்டினார்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்வதும் கல்விதான் என்று நினைத்தார்கள். (பட்டணம் விடவில்லை. பின்னாலேயே தாம்பரம் வரை வந்துவிட்டது!) 1929-ல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தங்கிப் படிப்பதற்காகவே ஏற்பட்டது.

அக்காவின் வளையல்

அப்துல் கலாம் ராமேசுவரத்துப் பிள்ளை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் பவுதிகம் படித்தார். பிறகு விமானப் படிப்பில் ஆசை வந்தது. அது சென்னை குரோம்பேட்டையில் இருந்தது. கல்லூரியில் சேரச் சுமார் 1,000 ரூபாய் வேண்டும். வீட்டில் ஏது அவ்வளவு பணம்? அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

அந்த நகை சரியான இடத்துக்குப் போனது. ஏனென்றால், அந்தப் படிப்பு திருச்சியில் இல்லை.

பெண்ணைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைப் பெண். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில், சொந்த ஊரிலேயே முதலில் படித்தார். டாக்டர் படிப்பு அங்கே இல்லை. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார். பெண்ணுக்குப் பள்ளிக்கூடமே அதிகம் என்று சொன்ன காலம் அது!

போய் வந்தவரைக் கேளுங்கள்

செங்கத்துக்குப் பழைய பெயர் செங்கண்மா. நன்னன் ஆண்ட ஊர். அவனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய கூத்தர், எதிரே வந்த கூத்தருக்கு வழி சொன்னதைத்தான் மலைபடுகடாம் பாடுகிறது. எங்கே தங்கலாம், என்ன சாப்பாடு கிடைக்கும், எந்த வழியில் ஆபத்து என்று எல்லாம் சொல்கிறார்.

நீங்களும் அப்படிக் கேளுங்கள். விளம்பரப் பலகையை அல்ல. அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையை. விடுதிக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? பேராசிரியர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறார்களா? காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள்? போன ஆண்டு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? இதையெல்லாம் மகனுக்காகக் கேட்பது போல மகளுக்காகவும் கேளுங்கள்.